பாசிக்குள் வாழும் பூஞ்சை

கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடத்தை ஒட்டி ஓடும் வெள்ளாறு கிழக்கே போகப் போக வேறு நீரையும் சேர்த்துக்கொள்கிறது. செராமிக் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்தைக் கடந்து வரும் மணிமுத்தாறு, கூடலையாற்றூரில் அதோடு கலக்கிறது. பிறகு சேத்தியாத்தோப்பு, புவனகிரி தாண்டி, பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலைச் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வரும்போது கரும்புத் தோட்டத்து மண்ணும் வயல் சருகும் அதில் அடித்துக்கொண்டு போவதைப் பாலத்தில் நின்றே பார்க்கலாம். அந்த மண்ணிலும் சருகிலும் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவையும் கடலுக்குத்தான் போகின்றன.

உப்பு நீரில் பல வித்துகள் முளைக்காமலே போகும். தாக்குப்பிடிக்கும் சில, கடலில் தங்க இடம் தேடும். கடலிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பூஞ்சைகளும் உண்டு. இவை எங்கே குடியேறுகின்றன, அங்கே என்ன செய்து பிழைக்கின்றன என்று தேடிப் போனவர்கள், புற்றுநோய்க்கும் கிருமித்தொற்றுக்கும் எதிராக வேலை செய்யும் வேதிப்பொருட்களைக் கண்டெடுத்தார்கள். அந்தத் தேடலின் முக்கியமான ஒரு பகுதி நம் தமிழகக் கரையில் நடந்தது.

வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்திலிருந்து அந்தக் கழிமுகத்தின் உயிர்களை அது ஆராய்ந்துவருகிறது. அங்கிருந்து சற்றுத் தெற்கே பிச்சாவரம். சென்னை விவேகானந்தா கல்லூரியில் பணியாற்றிய பூஞ்சையியல் அறிஞர் டி.எஸ். சூரியநாராயணனும் அவருடைய மாணவர்களும் பிச்சாவரத்துச் சுரபுன்னை இலைகளைக் கொண்டுவந்து சோதித்தார்கள். நோயின் அடையாளமே இல்லாத பச்சை இலைகளுக்குள் பூஞ்சைகள் வாழ்வதை 1998-இல் வெளியிட்டார்கள். உப்பு நீரில் நிற்கும் மரத்தின் இலைக்குள் பூஞ்சை இருக்குமானால், உப்பு நீருக்குள்ளேயே வாழும் பாசியின் உடம்புக்குள்? அடுத்த கட்டமாக அந்தக் கேள்விக்குத்தான் அவர்கள் போனார்கள்.

மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும்

கடற்பாசிக்கு வேர் கிடையாது, பூ கிடையாது. பாறையையோ பவளத்தையோ ஒரு பற்றுறுப்பால் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுவதாலும் கடல்நீரிலிருந்து சத்தை உறிஞ்சுகிறது. பச்சை, பழுப்பு, சிவப்பு என மூன்று பெரும் பிரிவுகள். இந்தியக் கடலோரங்களில் 800-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன. குஜராத்தும் தமிழ்நாடும் பாசி வளம் மிக்க கரைகள். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் வளரும் பாசிகளைப் பற்றி, சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.ஓ.பி. ஐயங்கார் 1927-இலேயே எழுதிவிட்டார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அவரைச் சொல்வது வழக்கம்.

அறிவியல் பெயர் எதுவும் தெரியாமலே இந்தப் பாசிகளை இனம் பிரித்து அறிந்தவர்கள் பாம்பன், சின்னப்பாலம் பகுதிப் பெண்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து பாசியைப் பறித்து வருகிறார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கடாப் பாசி என்பவை அவர்கள் வாயில் வழங்கும் பெயர்கள். மரிக்கொழுந்திலிருந்து அகர் கிடைக்கிறது. கட்டக்கோரையும் பக்கடாவும் அல்ஜினேட் தருகின்றன. துணிக்கு அச்சிடும் பசையிலிருந்து ஐஸ்கிரீம் வரை அல்ஜினேட் போகாத இடமில்லை. ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்க்கும் தட்டுகளில் ஊற்றி உறைய வைப்பது அகர். அப்படிப் பார்த்தால், பாசியிலிருந்து எடுத்த ஒரு பொருளின் மேல்தான் பாசிக்குள் இருந்த பூஞ்சையும் வளர்க்கப்படுகிறது.

உள்ளே இருப்பதை எப்படி அறிவது?

கடலிலிருந்து எடுத்த பாசியின் மேல்தோல் வெறுமையாக இருக்காது. நுண்ணுயிர்களும் வண்டலும் வேறிடத்து வித்துகளும் அதில் படிந்திருக்கும். எனவே உள்ளே வாழ்வதை மட்டும் பிடிக்க ஒரு முறை வேண்டும். நலமான பாசியைக் கழுவி, அரை சென்டிமீட்டர் அளவுக்குச் சிறு துண்டுகளாக நறுக்கி, எத்தனாலில் சில விநாடிகள் மட்டும் முக்கி எடுக்கிறார்கள். அதிக நேரம் வைத்தால் உள்ளிருக்கும் பூஞ்சையும் செத்துவிடும். குறைத்தால் மேலே இருப்பது பிழைத்துவிடும். பாசியின் தோல் மரத்து இலையைவிட மென்மையானது என்பதால் இந்த அளவை மிகக் கவனமாக வகுக்க வேண்டியிருக்கிறது. பிறகு கிருமி நீக்கிய நீரில் அலசி, பாக்டீரியா வளராதபடி மருந்து கலந்த அகர்த் தட்டில் வைக்கிறார்கள். சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் துண்டின் வெட்டுமுனையிலிருந்து மெல்லிய இழைகள் வெளியே வரத் தொடங்கும். மேற்பரப்பு உண்மையிலேயே தூய்மையாகிவிட்டதா என்று சரிபார்க்கவும் வழி உண்டு. கழுவிய துண்டை வேறொரு தட்டில் அழுத்தி எடுத்துவிட்டு, அந்தத் தடத்தில் எதுவும் வளராமல் இருந்தால் சோதனை சரி.

சூரியநாராயணன் குழு தமிழகக் கரையின் பழுப்பு, பச்சை, சிவப்புப் பாசிகளில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்களை இப்படிச் சோதித்து, 2010-இல் முடிவுகளை வெளியிட்டது. சோதித்த பாசிகளுக்குள் பூஞ்சைகள் இருந்தன. அஸ்பெர்ஜில்லஸ் என்ற பேரினம் மற்றவற்றைவிட மேலோங்கியிருந்தது. தனித்தனியே வளர்த்துப் பிழிந்தெடுத்த சாறுகளில் சில, பிற பாசிகளின் வளர்ச்சியைத் தடுத்தன. சில பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் அடக்கின. சில பூச்சிகளைப் பாதித்தன, சில ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்தன. ஊறுகாய் ஜாடியிலும் நனைந்த சுவரிலும் நாம் பார்த்துப் பழகிய பூஞ்சைக் குடும்பத்தைச் சேர்ந்தவை, கடற்பாசிக்குள் இத்தனை விதமான வேதித்திறனோடு இருந்தன.

ஏன் இந்த வேதிப்பொருட்கள்?

பாசிக்குள் வாழும் பூஞ்சையின் நிலை ஒண்டுக்குடித்தனம் போன்றது. வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே எப்போதும் ஓர் இழுபறி இருக்கும். அது சண்டையாக முற்றாதவரை இருவரும் சேர்ந்து இருக்கலாம். பழுப்புப் பாசிகள் புளோரோடானின் போன்ற கசப்புப் பொருட்களைச் சுரந்து, தம்மைத் தின்ன வருபவற்றையும் தம்முள் நுழைபவற்றையும் தடுக்கின்றன. பூஞ்சை அவற்றைத் தாங்க வேண்டும். அதே நேரம் பாசியைக் கொன்றுவிடவும் கூடாது, பாசி செத்தால் தங்குமிடம் போய்விடும். இரு பக்கமும் விடாமல் நடக்கும் இந்தச் சமநிலைப் போராட்டத்தை ஜெர்மனியின் பார்பரா ஷுல்ஸ் குழுவினர் 1990-களின் இறுதியில் ஒரு கோட்பாடாக முன்வைத்தார்கள்.

இதற்கு மேல் அண்டை வீட்டார் தொல்லையும் உண்டு. ஒரே பாசித்துண்டில் பல பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இடத்துக்காகப் போட்டியிடுகின்றன. ஓடிப்போகவோ கையை ஓங்கவோ முடியாத உயிர்களுக்கு வேதிப்பொருள்தான் ஆயுதம், அதுவே பேச்சும்கூட.

சில வேளைகளில் இந்த உறவு முழு நட்பாகவே கனிந்துவிடுகிறது. வட அட்லாண்டிக் கரைகளில் அஸ்கோஃபில்லம் என்ற பழுப்புப் பாசி வளர்கிறது. வளர்ந்த பாசி ஒவ்வொன்றின் உடம்பிலும் ஒரே வகைப் பூஞ்சை இழையோடியிருக்கும். கனடாவின் டேவிட் கார்பரி 1990-களில் நடத்திய சோதனைகளில், பூஞ்சையோடு வளர்ந்த இளம் பாசிகள் கடல் வற்றும் நேரத்து உலர்ச்சியைப் பூஞ்சை இல்லாதவற்றைவிட நன்றாகத் தாங்கின. ஓதம் இறங்கும்போது வெயிலில் கிடக்க வேண்டிய பாசிக்கு, உள்ளே இருக்கும் பூஞ்சை உயிர்காக்கும் துணை.

கடல் பூஞ்சையிலிருந்து மருந்துக் கடைக்கு

கடலிலிருந்து எடுத்த பூஞ்சை மருந்தாகுமா என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கிறது. இத்தாலியின் சார்டீனியாத் தீவில், காலியாரி நகரத்துக் கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்தில் குளித்தவர்களுக்கு எதிர்பார்த்த அளவுக்கு டைபாய்டு வரவில்லை என்பதைக் கவனித்தார் ஜூசெப்பே பிரோட்சு. 1945-இல் அந்த நீரிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். அதன் சாறு டைபாய்டுக் கிருமியை அடக்கியது. பூஞ்சை ஆக்ஸ்போர்டுக்குப் போனது. எட்வர்ட் ஆபிரகாமும் கை நியூட்டனும் அதிலிருந்து 1950-களில் செபலோஸ்போரின் சி-யைப் பிரித்தார்கள். பெனிசிலினைச் சிதைக்கும் நொதியின் முன்னாலும் அது நிலைத்து நின்றது. அந்த மூலக்கூறின் வடிவத்தை மாற்றி மாற்றிச் செய்தவைதான் செபலெக்சின், செஃபிக்சிம் முதலிய மருந்துகள். குழந்தைக்குக் காய்ச்சலோ சிறுநீர்த்தொற்றோ வந்து மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் இவற்றின் பெயரைப் பார்க்காத குடும்பம் குறைவு.

பாசிக்கே உரிய கதை ஹாலிமேடாவுடையது. சுண்ணாம்பு படிந்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்தது போன்ற பச்சைப் பாசி இது. இந்தப் பேரினத்தின் வகைகள் மன்னார் வளைகுடாவிலும் வளர்கின்றன. பஹாமாஸ் தீவுகளில் எடுத்த ஒரு ஹாலிமேடாவிலிருந்து, அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபெனிக்கல் குழு ஓர் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையைப் பிரித்தது. அது சுரந்த பொருளுக்குப் பாசியின் பெயராலேயே ஹாலிமைடு என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானில் நிலத்துப் பூஞ்சை ஒன்றிலிருந்தும் இதே பொருள் தனியாகக் கிடைத்தது. வேதியியலாளர்கள் அதன் வடிவத்தைச் சற்றே மாற்றி பிளினாபுலின் என்ற செயற்கை மருந்தை உருவாக்கினார்கள்.

செல் பிளவுபடும்போது உள்ளே குழல்கள் கட்டப்பட வேண்டும். அந்தக் குழல்களின் செங்கல் டுபுலின் என்ற புரதம். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையில் இருக்கும் கோல்ச்சிசின் டுபுலினில் ஒட்டிக்கொண்டு குழல் கட்டுவதைத் தடுக்கிறது. பிளினாபுலின் ஒட்டும் இடமும் அதற்கு அருகேதான். இதோடு நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டும் இன்னொரு வேலையையும் அது செய்கிறது. முற்றிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 559 நோயாளிகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2024-இல் வெளியானது. வழக்கமான மருந்தை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 9.4 மாதம். பிளினாபுலினும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 10.5 மாதம். வித்தியாசம் சிறியது. ஆனால் கடற்பாசியில் இருந்த ஒரு பூஞ்சையின் வேதிப்பொருளில் தொடங்கிய பாதை மருத்துவமனைப் படுக்கை வரை வந்திருக்கிறது. கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைவதைத் தடுக்க இதே மருந்துக்கு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பிடம் அனுமதி கேட்டபோது, 2021-இல் அது கிடைக்கவில்லை. மேலும் ஒரு சோதனை வேண்டும் என்றார்கள். மருந்தின் பாதை இப்படித்தான் நீளும்.

துணை இருந்தால்தான் சுரக்கும்

ஆய்வுக்கூடத் தட்டில் தனியாக வளரும் பூஞ்சை, தன்னால் செய்ய முடிந்ததில் ஒரு பகுதியைத்தான் செய்து காட்டுகிறது. 2000-களில் அஸ்பெர்ஜில்லஸ் இனங்களின் மரபணுத் தொகுப்புகளைப் படித்தபோது இது தெளிவானது. அவற்றில் இருந்த வேதிப்பொருள் தயாரிக்கும் மரபணுக் கூட்டங்கள், அதுவரை அறிந்த வேதிப்பொருட்களைவிட எவ்வளவோ அதிகம். மீதியெல்லாம் உறக்கத்தில் இருந்தன.

அவற்றை எழுப்பியது துணை. ஜெர்மனியின் யேனா நகர ஆய்வாளர்கள் ஓர் அஸ்பெர்ஜில்லஸோடு 58 வகை மண் பாக்டீரியாக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வளர்த்தார்கள். ஒரே ஒரு வகை மட்டும், பூஞ்சையைத் தொட்டு நிற்கும்போது, உறங்கிய மரபணுக் கூட்டம் ஒன்றை எழுப்பியது. 2009-இல் வெளிவந்த ஆய்வு இது. கடலில் இதற்கு முன்பே ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. ஒரு பழுப்புப் பாசியின் மேற்பரப்பிலிருந்து எடுத்த பூஞ்சையை ஒரு கடல் பாக்டீரியாவோடு சேர்த்து வளர்த்தபோது, தனியாக இருந்தவரை சுரக்காத பெஸ்டலோன் என்ற பொருளைச் சுரந்தது. பல மருந்துகளுக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியை அது மிகக் குறைந்த அளவிலேயே அடக்குவதாக 2001-இல் அறிவித்தார்கள். பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் அதைச் செயற்கையாகத் தயாரித்துச் சோதித்தபோது திறன் முன்பு சொன்னதைவிடக் குறைவாகவே இருந்தது. மருந்து என்ற கணக்கில் அது பின்தங்கிவிட்டது. துணை இருந்தால்தான் பூஞ்சை தன் முழுத் திறனைக் காட்டும் என்ற பாடம் மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்தத் துறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முதன்மையான செய்தி இதுதான் என்று நம்புகிறேன். பாசி, அதன் உள்ளே பூஞ்சை, அருகே பாக்டீரியா, சுற்றிலும் மீனும் நத்தையும் வெயிலும் ஓதமும் என்று எல்லாம் சேர்ந்த வாழ்விடம்தான் இந்த வேதிப்பொருட்களை உண்டாக்குகிறது. வாழ்விடம் சிதைந்தால், பாசி இனம் பிழைத்துக் கிடந்தாலும் அந்த வேதியியல் பிழைக்கும் என்று நம்ப முடியாது.

இரத்தப் புற்றுநோயும் ஒரு நொதியும்

தமிழகக் கரையின் ஆய்வில் இன்னொரு கிளையும் உண்டு. குழந்தைகளுக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு அஸ்பாரஜினேஸ் என்ற நொதி முதன்மையான மருந்து. அந்தப் புற்றுச் செல்களுக்கு அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலத்தைத் தாமே போதுமான அளவு செய்துகொள்ளத் தெரியாது, இரத்தத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நொதி இரத்தத்தில் உள்ளதைச் சிதைத்துவிட்டால் அவை பட்டினியில் சாகின்றன. இப்போது இந்த நொதி பாக்டீரியாக்களிலிருந்து கிடைக்கிறது. சில குழந்தைகளின் உடல் அதை ஏற்காமல் ஒவ்வாமையால் எதிர்க்கிறது. அதனால் வேறு மூலம் தேடுகிறார்கள். கடற்பாசிகளின் உள்வாழ் பூஞ்சைகள் பலவற்றில் இந்த நொதி இருப்பதை, சென்னை ஐஐடி ஆய்வாளரும் பங்கேற்ற சூரியநாராயணன் குழு 2011-இல் வெளியிட்டது. இது தொடக்கப்புள்ளி. தூய்மைப்படுத்துதல், உடலில் எத்தனை நேரம் நிலைக்கும் என்று அளத்தல், பாதுகாப்பைச் சோதித்தல் என்று எத்தனையோ படிகள் இதற்கு மேல் உண்டு.

மண்ணிலிருந்து போனதா, கடலில் பிறந்ததா?

அஸ்பெர்ஜில்லஸும் பெனிசிலியமும் நிலத்தில் எங்கும் இருப்பவை. பாசிக்குள் கிடைப்பவை ஆற்றோடும் காற்றோடும் போய்க் குடியேறியவையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதனால்தான் கவனமான ஆய்வாளர்கள் இவற்றைக் கடல் பூஞ்சை என்று ஒரேயடியாகச் சொல்லாமல், கடலிலிருந்து பெறப்பட்ட பூஞ்சை என்கிறார்கள். எங்கே பிறந்திருந்தாலும், உப்பையும் பாசியின் தற்காப்பையும் தாங்கி வாழப் பழகியவைதான் அங்கே நிலைக்கின்றன. அந்தப் பழக்கம் அவற்றின் வேதியியலிலும் தெரிகிறது.

நிலத்திலிருந்து போகும் பூஞ்சை எல்லாம் நல்ல குடியாக இருப்பதில்லை. கரீபியக் கடலில் விசிறிப் பவளங்களை 1990-களில் கூட்டம் கூட்டமாக அழித்த நோய்க்குக் காரணம், மண்ணில் சாதாரணமாக வாழும் அஸ்பெர்ஜில்லஸ் சிடோவி என்று கண்டார்கள். உள்நாட்டு ஊர்களின் மண்ணும் கழிவும் உரமும் கடலில் எதை வளர்க்கும், எதை அழிக்கும் என்பது கரையோரத்தார் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தி அன்று. வெள்ளாற்றின் கரையில் இருக்கும் பெண்ணாடத்துக்கும் பரங்கிப்பேட்டைக் கடலில் பங்கு இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

முதலில், பொறுமை. தட்டில் கிருமியை அடக்கும் சாறு ஒவ்வொன்றையும் புது மருந்து என்று செய்தியாக்கினால் மக்கள் ஏமாறுவார்கள், அறிவியலும் மதிப்பிழக்கும். மரத்துக்குள் வாழும் பூஞ்சை டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தைத் தானே தயாரிக்கிறது என்ற 1993-ஆம் ஆண்டு அறிவிப்பு உலகையே உலுக்கியது. இருபது ஆண்டுகள் கழித்து, அதே பூஞ்சையின் மரபணுக்களைத் துருவிப் பார்த்தவர்கள் அதற்கான சான்று கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். கண்டுபிடிப்பைக் கொண்டாடுவது போலவே சரிபார்ப்பதையும் கொண்டாடப் பழக வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. ஆனால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறியதால் அங்கே பவளங்கள் வெளுத்தன. வருவாய்க்காகக் கொண்டுவந்து வளர்த்த கப்பாஃபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி, குருசடைத் தீவின் பவளங்கள் மீது படர்ந்திருப்பதை 2008-இல் மதுரை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். பாசி வளர்ப்பு பாம்பன் பகுதிப் பெண்களுக்கு வாழ்வு தருகிறது, அது வேண்டும். கூடவே, மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் ஹாலிமேடாவும் தம் பூஞ்சைகளோடு வாழும் இயற்கைத் திட்டுகளைத் தொடாமல் விட்டுவைக்கவும் வேண்டும்.

மூன்றாவது, ஆள்பலம். இந்த ஆய்வின் முதல் படிக்குக் கோடிக்கணக்கில் செலவில்லை. நுண்ணோக்கி, அகர்த் தட்டு, தூய அறை, பொறுமையான கண்கள் போதும். கடலூர் மாவட்டக் கல்லூரி மாணவர்களால் இதைச் செய்ய முடியும். பிரித்தெடுத்த ஒவ்வொரு பூஞ்சையையும் முறையாகச் சேமித்து வைக்கும் பூஞ்சை வங்கியும், பூஞ்சையியலாளருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மூலக்கூறைப் பிரிக்கும் வேதியியலாளரும் இருந்தால், பிச்சாவரத்தில் தொடங்கியது மருந்தாக முடியவும் வாய்ப்புண்டு.

கடைசியாக, நியாயம். உயிரியல் வளத்திலிருந்து வரும் வருவாயில் அந்த வளத்தைக் காத்த மக்களுக்குப் பங்கு தர வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர் பெருக்கச் சட்டம். அதை நடைமுறைப்படுத்தும் தேசிய ஆணையம் சென்னையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் வளர்த்த பாசியை ஏற்றுமதி செய்ததற்காகப் பெப்சிகோ நிறுவனம் அந்த ஆணையத்துக்குப் பயன்பங்கு செலுத்தியது, இந்தியாவில் இவ்வகையின் முன்னோடி எடுத்துக்காட்டுகளில் ஒன்று. நாளை ஒரு பாசிக்குள் வாழும் பூஞ்சையிலிருந்து மருந்து வருமானால், எந்தப் பாறையில் எந்தப் பாசி எந்த மாதத்தில் செழிக்கும் என்று மூச்சடக்கிக் கற்றுவைத்திருக்கும் பெண்களின் பெயர் அந்த ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.